செடிக்கு என்ன ஆச்சு? மாடித்தோட்டத்தில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

மாடித்தோட்டம் போட்ட மூன்றாவது வாரத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இலை மஞ்சளாகுது, என்ன ஊத்தணும்?" கேள்வியின் பின்பாதியில்தான் கோளாறு. செடிக்கு என்ன ஆனது என்று பார்ப்பதற்கு முன்பே கை பாட்டிலைத் தேடிப் போய்விடுகிறது. பஞ்சகவ்யா ஒரு மூடி, மீன் அமிலம் ஒரு மூடி, பக்கத்து வீட்டு அக்கா சொன்ன புளித்த மோர் ஒரு குவளை. எல்லாம் நல்ல சரக்குதான். வேர் அழுகிக்கொண்டிருக்கும் செடிக்கு மட்டும் இவை அத்தனையும் இன்னும் கொஞ்சம் தண்ணீர், அவ்வளவே.

நான் இருப்பது சென்னைப் புறநகரில். மொட்டைமாடியில் நாற்பது குரோ பேக் (செடி வளர்க்கும் பை), கீழே கொல்லையில் ஒரு முருங்கையும் அவரைப் பந்தலும். ஊற்றுவது உப்பேறிய போர் தண்ணீர். ஆகவே இங்கே சொல்வதெல்லாம் சமவெளி வெயிலுக்கானது. ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்குப் பாதிதான் பொருந்தும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் மூன்று வேலை. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டு ஈரம் பாருங்கள். மேல்மண் காய்ந்து வெளுத்திருக்கும், உள்ளே சேறாக இருக்கும், கண்ணை நம்பாதீர்கள். அடுத்து, இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள், பூச்சிகளின் குடித்தனம் அங்கேதான். மூன்றாவது, கோளாறு எங்கே தொடங்கியது என்று கவனியுங்கள்: அடி இலையிலா, கொழுந்திலா? இந்த மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பாதி நோய்க்கு விடை அதில்தான் இருக்கிறது.

விதை போட்டேன், முளைக்கவே இல்லை

தக்காளி ஒரு வாரத்தில் எட்டிப் பார்க்கும். கத்தரி, மிளகாய்க்குப் பத்து நாள் பொறுங்கள். கீரை நாலைந்து நாள். பாகல், புடலைக்கு ஓடு தடிமன், இரவு முழுக்க ஊறவைத்துப் போட்டால்தான் சீக்கிரம் வரும்.

பதினைந்து நாள் தாண்டியும் ஒன்றும் இல்லையென்றால் கிளறிப் பாருங்கள். விதை ஊறி அழுகியிருந்தால் ஆழமாகப் புதைத்தீர்கள் அல்லது தண்ணீர் அதிகம். விதையின் பருமனைப் போல இரண்டு மடங்கு ஆழம் போதும். போட்டது போட்டபடியே கிடந்தால் மண் காய்ந்திருக்கிறது, இல்லையென்றால் விதை பழசு. மீதி விதையில் பத்தை எடுத்து ஈரத்துணியில் மடித்து வையுங்கள். ஐந்துக்குக் கீழே முளைத்தால் பாக்கெட்டை மறந்துவிடலாம். விதையே காணவில்லையா? எறும்பு. கீரை விதை தூவியவர்களுக்கு இது பழகின கதை. பையைச் சுற்றிக் கொஞ்சம் ரவை தூவுங்கள், எறும்பு அதைத் தூக்கிக்கொண்டு போகும் இரண்டு மூன்று நாளில் விதை முளைத்துவிடும்.

சித்திரையில் காலிஃபிளவரும் கேரட்டும் போட்டுவிட்டு ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். அவை மழை ஓய்ந்து பனி தொடங்கும் காலத்துப் பயிர். ஆடியும் தையும்தான் நமக்குப் பெரிய பட்டங்கள், அதாவது விதைக்கும் பருவங்கள்.

முளைத்தது, இரண்டு நாளில் தலைசாய்ந்துவிட்டது

தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூலாக மெலிந்து, தண்ணீர் பட்டதுபோல் கறுத்திருக்கிறதா? நாற்றழுகல். மண்ணில் இருக்கும் பூஞ்சை செய்யும் வேலை. சாய்ந்தது பிழைக்காது. மிச்சத்தைக் காப்பாற்ற ஈரத்தைக் குறையுங்கள், நெருக்கமாக இருக்கும் நாற்றுகளைக் கலையுங்கள், காற்றும் காலை வெயிலும் படும் இடத்துக்கு நகர்த்துங்கள். அடுத்த முறை நாற்று மண்ணில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைத் தூள் ஒரு கைப்பிடி கலந்துகொள்ளுங்கள்.

நாற்று சாயவில்லை, வெறுமனே நெட்டையாக வெளிறி வளர்கிறது என்றால் நோயே இல்லை. வெளிச்சம் போதவில்லை. ஜன்னல் ஓரத்தை விட்டு மாடிக்கு ஏற்றுங்கள், ஒரேயடியாக உச்சி வெயிலில் வைக்காமல்.

இலை மஞ்சளாகிறது

சரி, பெரிய கேள்விக்கு வருவோம்.

விரல் சோதனையில் மண் சொதசொதவென்று இருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். பையின் அடியில் இருக்கும் ஓட்டை அடைத்திருக்கிறது அல்லது நீங்கள் அளவுக்கு மீறி ஊற்றுகிறீர்கள். மண்ணை முகர்ந்தால் புளித்த வாடை வரும். ஒரு குச்சியால் ஓட்டையைக் குத்தித் திறந்து, பையை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து, மேல் இரண்டு அங்குலம் காயும்வரை தண்ணீரை நிறுத்துங்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் செடியைக் காயவைத்துக் கொல்வதைவிட ஊறவைத்துக் கொல்வதுதான் அதிகம். முதல் வருடம் நான் ஒன்பது கத்தரிச் செடியை அப்படித்தான் கொன்றேன், அதுவும் ஒரு நாளைக்கு மூன்று வேளை அக்கறையாக.

ஈரம் சரியாக இருந்தால் இலையின் இடத்தைப் பாருங்கள்.

அடி இலைகள் மட்டும், நரம்போடு சேர்த்து முழுசாக மஞ்சளாகி, செடியே வெளிறினாற்போல் இருந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) பற்றாக்குறை. செடிக்குத் தழைச்சத்தை நகர்த்தத் தெரியும். போதாதபோது கிழவர்களிடமிருந்து உருவிக் கொழுந்துக்குக் கொடுத்துவிடும். தென்னை நார்க்கழிவை மக்கவைக்காமல் அப்படியே பையில் நிரப்பியவர்களுக்கு இது கட்டாயம் வரும். நார் மக்குவதற்கு நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், செடிக்கு மிச்சம் இருக்காது. பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போட்டு, கடலைப் புண்ணாக்கை இரண்டு மூன்று நாள் ஊறவைத்த தண்ணீரைப் பத்து மடங்கு நீர்த்து வாரம் ஒருமுறை ஊற்றுங்கள். ஏற்கெனவே மஞ்சளான இலை பச்சையாகத் திரும்புமா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். புதுத் துளிர் என்ன நிறத்தில் வருகிறது என்பதே கணக்கு.

அடி இலைதான், ஆனால் நரம்பு பச்சையாக, இடைப்பட்ட பகுதி மட்டும் மஞ்சளா? மெக்னீசியம். எப்சம் உப்பு லிட்டருக்கு 5 கிராம் கரைத்து இலையில் தெளித்தால் சரியாகும்.

கொழுந்து மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் இரும்புச்சத்து. மண்ணில் இரும்பு இருக்கும். போர் தண்ணீரின் சுண்ணாம்பு மண்ணைக் காரத்தன்மை (புளிப்புக்கு எதிர்) உடையதாக்கிவிடுவதால் வேர் அதை எடுக்க முடியாது. கறிவேப்பிலையில் இது பளிச்சென்று தெரியும். நம் பாட்டிகள் கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றியதன் நியாயம் இதுதான், புளிப்பு அந்தக் காரத்தைக் கொஞ்சம் தணிக்கும். ஐப்பசி மழை நாலு நாள் பெய்தால் அதே செடி எதுவும் போடாமலே பச்சை திரும்புவதைப் பார்க்கலாம்.

இங்கே வெண்டைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. இரும்புக் குறையில் நரம்பு பச்சை, இலை மஞ்சள். வெண்டையில் அதற்கு நேர் தலைகீழாக நரம்பு மஞ்சள் வலையாகவும் நடுவில் பச்சையுமாக இருந்தால் அது மஞ்சள் நரம்புத் தேமல் நோய். வைரஸ். வெள்ளை ஈ பரப்புவது. இதற்கு மருந்தே கிடையாது. செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், இல்லையென்றால் பக்கத்துப் பைக்கும் போய்விடும். மஞ்சள் நிற ஒட்டும் அட்டை இரண்டைத் தொங்கவிட்டால் ஈ குறையும். அடுத்த தடவை நோய் தாங்கும் ரகமாகப் போடுங்கள். பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகா அதற்காகவே வந்த ரகம்.

இலை ஓரம் மட்டும் கருகி, மண் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால் உப்பு. தண்ணீரில் இருந்து வந்திருக்கும், கழுவாத நார்க்கழிவிலிருந்தும் வந்திருக்கும். நல்ல தண்ணீர் கிடைக்கிற அன்று பையின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு ஊற்றி அடி ஓட்டை வழியே வடியவிடுங்கள். அதன்பிறகு உரம் கொஞ்சம் போட வேண்டிவரும், உப்போடு சத்தும் போயிருக்கும்.

இலை சுருள்கிறது

மிளகாய்க்காரர்களின் தீராத கண்ணீர். மிளகாய் இலை மேல்பக்கமாக, படகு மாதிரி சுருண்டால் இலைப்பேன். கீழ்ப்பக்கமாக, கவிழ்த்த படகு மாதிரி வளைந்து காம்பு நீண்டால் முரணைச் சிலந்தி. இந்த வித்தியாசம் தெரியாமல் மருந்து அடித்தால் வீண், ஏனென்றால் சிலந்தி பூச்சி இனமே இல்லை. பூச்சிக்கொல்லி அதை அசைக்காது, அதைத் தின்கிற நல்ல பூச்சியைத்தான் கொல்லும். சந்தேகம் இருந்தால் கொழுந்தை ஒரு வெள்ளைத்தாளின் மேல் தட்டுங்கள். மெல்லிய கீற்றுகளாக ஓடினால் இலைப்பேன். முரணைச் சிலந்தி வெறும் கண்ணுக்குத் தட்டுப்படாது, லென்ஸ் வேண்டும்.

இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய்: லிட்டருக்கு 5 மில்லி. எண்ணெயைத் தண்ணீரில் நேரே ஊற்றினால் மேலே மிதக்கும், தெளிக்கும்போது ஓரிடத்தில் மொத்தமாக விழுந்து இலையைச் சுடும். முதலில் எண்ணெயோடு சோப்புக் கரைசலைச் சேர்த்துப் பால்போல் வெள்ளையாகும்வரை கலக்கிவிட்டு அப்புறம் தண்ணீர். மாலை ஐந்து மணிக்கு மேல், இலையின் அடிப்பக்கம் நனைய. ஒருமுறை அடித்து நிறுத்தினால் முட்டையிலிருந்து அடுத்த படை வந்துவிடும், வாரம் ஒன்றாக மூன்று முறை. சிலந்திக்கு நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 2 கிராம். ஆனால் கடும் வெயில் நாளில் வேண்டாம். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரத்துக்குள்ளும் வேண்டாம், இலை வெந்துவிடும்.

தக்காளியில் அடி இலைகள் மத்தியான வெயிலில் மேல்நோக்கிச் சுருண்டு கெட்டியானால் கவலைப்படாதீர்கள், அது வெயிலுக்குச் செடி பிடிக்கும் குடை. நுனி இலைகள் சின்னதாகிச் சுருங்கி, ஓரம் மஞ்சளாகி, செடி வளராமல் நின்றால்தான் இலைச்சுருட்டு வைரஸ். வெண்டைக்குச் சொன்ன அதே தீர்ப்புதான்.

செடி வாடுகிறது

மதியம் வாடி மாலையில் நிமிர்ந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். காலை ஆறு மணிக்கும் வாடியே இருந்து, மண்ணிலும் ஈரம் இருந்தால் கோளாறு வேரிலோ தண்டிலோ.

கத்தரியில் நுனி மட்டும் துவண்டு தொங்குகிறதா? அந்தக் குருத்தை நறுக்கிப் பிளந்து பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்புப் புழு இருக்கும். தண்டு துளைப்பான். வாடிய இடத்துக்கு ஒரு அங்குலம் கீழே வெட்டி, சோப்புத் தண்ணீரில் முக்கி அழியுங்கள். மக்குக் குழியில் போட்டால் அந்துப்பூச்சியாகி அதே செடிக்கே திரும்பி வரும். குருத்தில் விட்டுவிட்டால் அடுத்து காய்க்குள் போகும்.

தக்காளி, கத்தரி, மிளகாயில் இலை பச்சையாக இருக்கும்போதே செடி மொத்தமும் தொய்ந்தால் எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. தண்டை அடியில் வெட்டி, ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வெட்டிய முனை மூழ்கும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் முனையிலிருந்து பால் நூல் மாதிரி இறங்கினால் பாக்டீரியா வாடல். அந்த மண்ணில் இனி தக்காளிக் குடும்பத்தில் எதையும் நடாதீர்கள். கீரையோ வெண்டையோ போட்டுக்கொள்ளலாம். விடாமல் வருகிறது என்றால் சுண்டைக்காய்ச் செடியில் ஒட்டுக்கட்டிய கத்தரி நாற்று வாங்குங்கள், சுண்டையின் வேர் இதைத் தாங்கும். தக்காளியில் அர்கா ரக்‌ஷக் தாங்கும், ஆனால் அது வீரிய ஒட்டு ரகம், விதை எடுத்து வைத்துப் பயனில்லை.

பால் வரவில்லையா, வேரைக் கழுவிப் பாருங்கள். வேரே ஆங்காங்கே வீங்கி மணி கோத்ததுபோல் இருந்தால் நூற்புழு. அவரை, தட்டைப்பயறு வேரில் இருக்கும் முடிச்சைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். அந்த முடிச்சு விரலால் தேய்த்தால் உதிரும், கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. அது காற்றிலிருந்து தழைச்சத்து பிடித்துத் தரும் நல்ல முடிச்சு. நூற்புழு வீக்கம் உதிராது, வேரின் பகுதியாகவே இருக்கும். மண்ணை வெயிலில் பரப்பி நன்றாகக் காயவிட்டு, வேப்பம் புண்ணாக்கு கலந்து, ஒரு பட்டம் செண்டுமல்லி போடுங்கள்.

பூக்கிறது, காய்க்கவில்லை

மாதம் என்ன என்று பாருங்கள் முதலில். மே முதல் வாரம் தொடங்கும் கத்திரி வெயிலில் தக்காளி பூ உதிர்த்தால் அது செடியின் தப்பு இல்லை. பகலில் 35 டிகிரி தாண்டி இரவிலும் வெக்கை இறங்காவிட்டால் மகரந்தம் செத்துவிடும். பசுமை வலை கட்டலாம், தேங்காய்ப்பாலும் மோரும் கலந்து புளிக்கவைத்த தேமோர் கரைசல் தெளிக்கலாம். உண்மையைச் சொன்னால் ஆடிக் காற்று வரும்வரை காத்திருப்பதுதான் வழி.

கத்தரிப் பூவை உற்றுப் பாருங்கள். நடுவில் உள்ள சூல்முடி மஞ்சள் மகரந்தப் பைகளைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் காய் பிடிக்கும். உள்ளே ஒளிந்திருக்கும் குட்டைப் பூ பிடிக்காது, உதிரும். எல்லாமே குட்டையாக வந்தால் செடிக்குத் தெம்பு இல்லை, தொழுவுரம் போடுங்கள். நீளப் பூவும் உதிர்ந்தால் தேனீ வரவில்லை. காலையில் பூக்காம்பை விரலால் சுண்டிவிட்டால் போதும்.

கொடிக் காய்களில் முதல் பத்துப் பதினைந்து நாள் ஆண்பூ மட்டுமே வரும். பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருந்தால் பெண்பூ, வெறும் காம்பு என்றால் ஆண்பூ. பெண்பூ வந்தும் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை. ஆண்பூவைப் பறித்து இதழை உரித்துப் பெண்பூவின் நடுவில் தடவுங்கள். நேரம் முக்கியம்: பூசணி, வெள்ளரி, பாகலுக்குக் காலை. சுரை, பீர்க்கு, புடலை மாலை மயங்கிய பிறகுதான் விரியும். காலையில் மாடிக்குப் போய் வாடிய சுரைப்பூவைத் தடவிவிட்டு, "ஒண்ணும் பிடிக்கல" என்பவர்கள் பலர். டார்ச்சோடு ஏழு மணிக்குப் போங்கள்.

சுரையில் ஆண்பூவே ஓயவில்லை என்றால் முதன்மைக் கொடி ஆறேழு அடி வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், பக்கக் கிளைகளில் பெண்பூ கூடுதலாக வரும். செடி காடாக வளர்ந்து பூவே இல்லையென்றால் புண்ணாக்குத் தண்ணீரை நிறுத்துங்கள். ஆறு மணி நேர வெயில் இல்லாத மாடியில் கீரையோடு நின்றுகொள்வது நல்லது.

காய் கெடுகிறது

தக்காளியின் அடிப்பக்கம் கறுத்துத் தோல் மாதிரி குழிந்தால் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) காய்க்குப் போய்ச் சேரவில்லை. உடனே முட்டை ஓட்டைப் பொடிப்பார்கள். அது மக்கிச் சத்தாவதற்குள் செடியின் ஆயுள் முடியும். உண்மையான காரணம் பெரும்பாலும் ஒருநாள் வெள்ளம், இரண்டு நாள் வறட்சி என்று ஊற்றுவது. மண்ணில் சருகு மூடாக்குப் போட்டு தினமும் ஒரே அளவு ஊற்றினால் அடுத்த காய்கள் சரியாக வரும். பழம் வெடிப்பதற்கும் இதே மருந்து.

பாகல், புடலையில் பிஞ்சு வளைந்து, ஒரு புள்ளியில் பிசின் வடிந்து, உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால் பழ ஈ. மாங்காய்க்கு விற்கும், ஈயை வாசனையால் இழுக்கும் மெத்தில் யூஜினால் பொறியை வாங்கிவிடாதீர்கள், கொடிக்காய் ஈ அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கியூலூர் பொறி என்று கேளுங்கள். அல்லது நனைத்த கருவாட்டுத் தூளைச் சிறு ஓட்டைகள் போட்ட பாலிதீன் பையில் கட்டித் தொங்கவிடுங்கள், நாற்றத்துக்கு வீட்டில் அனுமதி வாங்கிக்கொண்டு. நாலே கொடி என்றால் பிஞ்சுக்குக் காகிதப் பை மாட்டுவதே சுலபம்.

சுரைக்காய் வாயில் வைத்ததும் கடுமையாகக் கசந்தால் துப்பிவிடுங்கள். "உடம்புக்கு நல்லது" என்று சாறு பிழிந்து குடிக்க வேண்டாம். அந்தக் கசப்பு விஷம், மருத்துவமனை வரை கொண்டுபோகும்.

வெள்ளையாகப் பஞ்சு மாதிரி

மாவுப்பூச்சி. எறும்பு வரிசை கட்டி ஏறும், பூச்சி சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்பே காவல் காக்கும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவி, சோப்புக் கரைசலும் வேப்பெண்ணெயும். எறும்பின் பாதையையும் அடைக்க வேண்டும்.

ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள், அந்தப் பஞ்சு வேகமாக நடக்கிறதா? மற்றவற்றைவிடப் பெரிதா? அப்படியானால் அது மாவுப்பூச்சியைத் தின்கிற ஒருவகைப் பொறிவண்டின் புழு, அதே வெள்ளை வேஷத்தில். நான் ஒரு செம்பருத்தி முழுக்க இவற்றை நசுக்கிவிட்டுப் பெருமையாகக் கீழே இறங்கியிருக்கிறேன். 2008ல் கோயம்புத்தூரில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி தமிழ்நாட்டுத் தோட்டங்களை ஒரு ஆட்டு ஆட்டியபோது, அதை அடக்கியது 2010ல் போர்ட்டோரிக்கோவிலிருந்து வரவழைக்கப்பட்ட, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குட்டிக் குளவி.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கத்தரி, பாகல் இலையை நரம்பு மட்டும் மிச்சம் வைத்துச் சல்லடையாக்கும் வண்டு, பொறிவண்டு போலவே புள்ளியோடு இருக்கும். பளபளப்பு இல்லாமல் செம்பு நிறத்தில் மங்கலாக இருந்தால் அது ஹட்டா வண்டு, நண்பன் இல்லை. கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள், இலைக்கு அடியில் கொத்தாக நிற்கும் மஞ்சள் முட்டைகளையும் சேர்த்து.

எல்லாம் சரி, பழம்தான் காணோம்

பாதி கடித்துப் போட்டிருந்தால் அணில். இரவில் மட்டும் காணாமல் போனால் எலி. கொத்திய குழி இருந்தால் மைனாவோ கிளியோ. பழைய சிடி, பொம்மை, பளபளக்கும் நாடா எல்லாம் நாலு நாள் வேலை செய்யும், அப்புறம் அணில் அதன் மேலேயே உட்காரும். காய்க்கொத்தைப் பழைய கொசுவலைத் துணியில் கட்டிவிடுங்கள். தக்காளியைச் செடியிலேயே சிவக்கவிடவும் வேண்டாம். பச்சை வெளுத்து அடியில் லேசாக நிறம் திரும்பியதும் பறித்துச் சமையலறையில் வையுங்கள், நாலைந்து நாளில் தானாகப் பழுக்கும்.